எல்லைக்கோடு போடும்போது நாம் எங்கே இருந்தோம்?

"சட்டம் வந்துவிட்டது, இனி என்ன செய்ய முடியும்?" நில உரிமைக் கூட்டங்களில் நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. தேசியப் பூங்கா என்றால் பயம் இன்னும் அதிகம். பூங்காவின் எல்லை விரியும் போதெல்லாம் வெளியேற்றப்படுவது அங்கே வாழும் மக்கள்தான். ஆனால் அமெரிக்காவில் 1975இல் ஒரு பூங்காவை விரிவாக்கிய அதே சட்டம், பறித்த நிலத்தை ஒரு பூர்வகுடிக்குத் திருப்பிக் கொடுத்தது. அந்த வரலாற்றை நாம் படிக்க வேண்டும்.

அரிசோனா மாநிலத்தின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு ஹவசுபாய் மக்களின் தாய்நிலம். கோடையில் பள்ளத்தாக்கின் ஓடைக்கரையில் மக்காச்சோளமும் பூசணியும் பயிரிடுவார்கள். குளிர்காலத்தில் மேட்டுநிலத்துக்கு ஏறி வேட்டையாடுவார்கள். இரண்டில் ஒன்று போனாலும் பிழைப்பு இல்லை. 1882இல் குடியரசுத் தலைவரின் ஓர் ஆணை அவர்களைப் பள்ளத்தாக்கின் அடியில் 518 ஏக்கருக்குள் அடைத்தது. மேட்டுநிலம் கைவிட்டுப் போனது. கிராண்ட் கேன்யன் பகுதி 1893இல் காப்புக்காடு, 1908இல் தேசிய நினைவுச்சின்னம், 1919இல் தேசியப் பூங்கா என்று பெயர் மாறிக்கொண்டே வந்தது. பூங்காவுக்குள் தோட்டம் வைத்திருந்த கடைசி ஹவசுபாய் மனிதரும் 1928இல் வெளியேற்றப்பட்டார்.

1970களின் தொடக்கத்தில் பூங்காவை விரிவாக்கும் மசோதா வந்தது. "வேண்டாம்" என்று சொல்வதோடு ஹவசுபாய் மக்கள் நிற்கவில்லை. எல்லையைத் திருத்தப்போகிறீர்கள் என்றால் எங்கள் நிலத்தையும் சேர்த்துத் திருத்துங்கள் என்றார்கள். வாஷிங்டன் வரை போய்ச் சாட்சியம் சொன்னார்கள். அவர்களை எதிர்த்தவர்களில் சியரா கிளப் போன்ற சூழலியல் அமைப்புகளும் இருந்தன. பூங்கா நிலத்தைக் கொடுத்தால் அது முன்னுதாரணமாகிவிடும், நிலம் வணிகத்துக்குப் போய்விடும் என்பது அவற்றின் வாதம். ஆதரித்து நின்றவர்களில் ஒருவர் செனட்டர் பாரி கோல்ட்வாட்டர். 1964இல் சிவில் உரிமைச் சட்டத்துக்கு எதிராக வாக்களித்தவர் அவர். முற்போக்கு முத்திரையை மட்டும் பார்த்து நண்பர்களை முடிவுசெய்கிற நமக்கு இது ஒரு பாடம்.

1975 ஜனவரி 3 அன்று ஃபோர்டு சட்டத்தில் கையெழுத்திட்டார். பூங்கா ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கராக விரிந்தது. ஹவசுபாய் மக்களுக்குச் சுமார் 1,85,000 ஏக்கர் திரும்பக் கிடைத்தது. பூங்காவுக்குள் மேலும் 95,300 ஏக்கரை அவர்கள் தங்கள் மரபுப்படி பயன்படுத்திக்கொள்ளவும் வழி வைக்கப்பட்டது. முழு வெற்றி என்று சொல்ல முடியாது. அவர்களுக்காக அந்த நிலத்தைப் பொறுப்பில் வைத்திருப்பது கூட்டாட்சி அரசு. வணிக நோக்கில் சுரங்கம் தோண்டவோ மரம் வெட்டவோ கூடாது என்ற நிபந்தனைகளும் உண்டு. ஆனாலும் 93 ஆண்டுகளுக்குப் பிறகு மேட்டுநிலம் அவர்கள் கைக்கு வந்தது.

நம் நாட்டின் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமும் தேசியப் பூங்காக்களையும் சரணாலயங்களையும் தன் வரையறைக்குள் வைத்திருக்கிறது. பூங்கா என்று அறிவித்துவிட்டாலே உரிமை முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், தோழர்களே. சட்டப் பிரிவை எடுத்துக்கொண்டு கிராமசபைக்குப் போங்கள். அடுத்த எல்லைக்கோடு வரைவாக இருக்கும்போதே அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.