உருவத்தைத் தொடர்ந்த ஓசை

தொலைக்காட்சியின் அடியிலே நீண்டு கிடக்கும் 'சவுண்ட்பார்' என்னும் ஒலிச்சட்டம் நேற்று முளைத்த ஆடம்பரப் பொருளென நம்மிற் பலர் எண்ணுகின்றோம். அதன் வரலாறோ ஏறக்குறைய நூறாண்டினை எட்டுகின்றது.

பேசும் படங்கள் தோன்றிய காலத்திலே, திரையில் நடிகர் எப்பக்கம் நடந்தாலும் அவர் குரல் ஓரிடத்திலிருந்தே எழுந்தது. உருவத்தோடு குரலும் நகரவேண்டுமென விழைந்த ஆங்கிலப் பொறியியலாளர் அலன் புளூம்லைன், 1931ஆம் ஆண்டு டிசெம்பரில் இருவழி ஒலிமுறைக்கு ஆக்கவுரிமை கோரி விண்ணப்பித்தார். 1940இல் வோல்ட் டிஸ்னியின் 'பன்டேசியா' திரைப்படம், சில அரங்குகளிலே பார்ப்போரைச் சூழ ஒலித்தது. அச்சூழொலி பின்னர் இல்லம் புகுந்தபோது, அறையெங்கும் பெட்டிகளும் கம்பிகளும் பரந்தன.

தொலைக்காட்சி தட்டையாகி மெலிந்ததும், நல்ல ஒலிபெருக்கிக்கு அதனுள் இடமில்லாதொழிந்தது. அக்குறையை நிரப்பவே ஒலிச்சட்டம் பெருகியது. 2004இல் யப்பானின் யமஹா நிறுவனம் ஒரே சட்டத்தில் 40 சிறு ஒலிபெருக்கிகளை அடுக்கி, ஒலி சுவரில் மோதித் திரும்பிவரச் செய்தது.

ஈண்டு நாம் சிந்திக்கவேண்டியது ஒன்றுண்டு. சுவரை நம்பிய ஒலி, திறந்த விறாந்தை வழியும் யன்னல் வழியும் வெளியேறினால் திரும்பி வாராது. ஆகவே விலையை வினவுமுன் நம் அறையை நோக்குவோம்.

பாட்டனார் சத்தத்தைக் கூட்ட, பரீட்சைக்குப் படிக்கும் பேரன் குறைக்க, எத்தனை இல்லங்களில் மாலைப்பொழுது மனத்தாங்கலில் முடிகின்றது! முதியோர் நாடுவது இடிமுழக்கமன்று, பேச்சின் தெளிவே. உரையாடலுக்கென நடுவிலே தனி ஒலிவழி அமைந்த சட்டமாயின், சத்தம் குறைந்தபோதும் சொல் விளங்கும்.

புளூம்லைன் நாடியதும் பேரோசையன்று. பேசுவார் நிற்குமிடத்திலிருந்தே பேச்சு எழவேண்டும் என்பதேயாம்.