மூளைக் கதிர் அறுவை

மூளைக் கதிர் அறுவை என்பது, மண்டையோட்டைத் திறக்காமல், உடலுக்கு வெளியிலிருந்து பல திசைகளில் செலுத்தப்படும் கதிர்களை மூளையின் உள்ளே ஒரு சிறு இலக்கில் குவித்து, அங்குள்ள கட்டியையோ பிறழ்ந்த இரத்தக் குழாய்த் தொகுதியையோ செயலிழக்கச் செய்யும் மருத்துவ முறை ஆகும். மருத்துவ வழக்கில் இது ஸ்டீரியோடாக்டிக் ரேடியோசர்ஜரி எனப்படுகின்றது. பெயரில் அறுவை என்று இருப்பினும் இதில் கத்தி பயன்படுவதில்லை. எதுவும் வெட்டி எடுக்கப்படுவதும் இல்லை. வழக்கமான கதிர் மருத்துவம் பல வாரங்களுக்குச் சிறு சிறு தவணைகளாக அளிக்கப்படும். கதிர் அறுவையோ பெரும்பாலும் ஒரே அமர்வில், மிகுந்தால் ஐந்து அமர்வுகளில் முடிந்துவிடும்.

செயற்படும் விதம்

ஒரு தனிக் கதிர்க்கற்றை கடந்து செல்லும் மூளைப் பகுதிக்குப் பெரிய தீங்கு செய்யாத அளவுக்கு வலுக் குறைந்ததாக இருக்கும். அத்தகைய கற்றைகள் பல சந்திக்கும் புள்ளியில் மட்டும் கதிர் அளவு மிகுதியாகின்றது. குவி வில்லை சூரிய ஒளியை ஒரு புள்ளியில் கூட்டிக் காகிதத்தை எரிப்பதோடு இதனை ஒப்பிடலாம். ஆனால் வில்லை ஒளியை வளைக்கின்றது. இங்கு கற்றைகள் வளைவதில்லை, பல திசைகளிலிருந்து நேராக வந்து சந்திக்கின்றன.

ஓரிரு மில்லிமீட்டர் பிழையும் பார்வை நரம்பையோ மூளைத் தண்டையோ தாக்கக்கூடும் என்பதால், இலக்கின் இடத்தைத் துல்லியமாகக் காண்பதே இம்முறையின் உயிர்நாடி. இதற்காக நோயாளியின் தலையில் ஓர் உலோகச் சட்டம், உள்ளூர் உணர்வகற்றி கொடுத்தபின், நான்கு திருகூசிகளால் பொருத்தப்படும். சட்டத்துடனேயே எம்.ஆர்.ஐ., சி.டி. படங்களும், தேவைப்பட்டால் இரத்தக் குழாய்ப் படமும் எடுக்கப்படும். சட்டத்தை அளவுகோலாகக் கொண்டு மூளையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நீளம், அகலம், உயரம் என்ற மூன்று எண்கள் கணிக்கப்படுகின்றன. பிற்காலக் கருவிகள் சிலவற்றில் சட்டத்துக்குப் பதிலாக முகமூடியும், அமர்வின்போதே எடுக்கப்படும் எக்ஸ் கதிர்ப் படங்களும் பயன்படுகின்றன.

கதிர் அளவு கிரே என்னும் அலகால் குறிக்கப்படும். காமா கத்தி எனப்படும் கருவி கோபால்ட்-60 தனிமத்தின் காமாக் கதிர்களையும், நேர்கோட்டு முடுக்கி உயர் ஆற்றல் எக்ஸ் கதிர்களையும் பயன்படுத்துகின்றன. கோபால்ட்-60இன் அரைவாழ்வுக் காலம் 5.27 ஆண்டுகள் என்பதால் காமா கத்தியின் கதிர் மூலங்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். புரோத்தன் கற்றையின் இயல்பு வேறு. அது தன் ஆற்றலின் பெரும்பகுதியைப் பாதையின் முடிவில் இறக்கிவிட்டு நின்றுவிடுகின்றது. இலக்குக்கு அப்பால் உள்ள திசு ஏறத்தாழத் தப்பிவிடும்.

வரலாறு

சுவீடன் நாட்டு நரம்பியல் அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல் 1951இல் இக்கருத்தையும் பெயரையும் முன்வைத்தார். முதலில் எக்ஸ் கதிர்க் குழாயையும், பின்னர் உப்சாலாவில் இயற்பியலாளர் போர்யே லார்சனுடன் இணைந்து புரோத்தன் கற்றையையும் பயன்படுத்திப் பார்த்தார். 179 கோபால்ட் மூலங்களைக் கொண்ட முதல் காமா கத்தி 1968இல் ஸ்டாக்ஹோமில் செயற்படத் தொடங்கியது. அது வலி, நடுக்கம் போன்ற கோளாறுகளுக்காகவே உருவாக்கப்பட்டது. ஆனால் கட்டிகளுக்கும் இரத்தக் குழாய்ப் பிறழ்வுகளுக்குமே பிற்காலத்தில் மிகுதியாகப் பயன்பட்டது.

அமெரிக்காவில் இதே காலத்தில் இயற்பியல் ஆய்வகங்களின் துகள் முடுக்கிகள் மருத்துவத்துக்குத் திருப்பப்பட்டன. ரேமண்ட் கெல்பர்க் 1965இல் ஆர்வர்டு சைக்ளோட்ரானின் புரோத்தன் கற்றையால் இரத்தக் குழாய்ப் பிறழ்வுக்கு மருத்துவம் செய்தார். கலிபோர்னியாவின் பெர்க்லி ஆய்வகத்தில் ஈலியம் அணுக்கருக்கள் பயன்படுத்தப்பட்டன.

தமனி-சிரைப் பிறழ்வுகள்

இயல்பாகத் தமனியிலிருந்து நுண்குழாய்கள் வழியே அழுத்தம் தணிந்த பின்னரே இரத்தம் சிரையை அடைகின்றது. ஏ.வி.எம். எனச் சுருக்கி அழைக்கப்படும் தமனி-சிரைப் பிறழ்வில் இடையில் நுண்குழாய்கள் இல்லை. தமனியின் முழு அழுத்தமும் மெல்லிய சுவருடைய குழாய்ச் சிக்கலில் நேரடியாக இறங்குகின்றது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2 முதல் 4 விழுக்காடு நோயாளிகளில் இது வெடித்து மூளைக்குள் இரத்தம் கசிகின்றது. இளம் வயதினரே பெரிதும் பாதிக்கப்படுகின்றனர். வலிப்பு அல்லது திடீர்த் தலைவலி முதல் அறிகுறியாக அமையலாம்.

கதிர் இந்தக் குழாய்களை எரித்து மூடுவதில்லை. அது குழாய்களின் உட்சுவர்ச் செல்களைச் சேதப்படுத்துகின்றது. அதன் விளைவாகச் சுவர் மெல்லத் தடித்து, உள்வழி குறுகி, இறுதியில் இரத்தம் உறைந்து அடைபடுகின்றது. இதற்கு இரண்டு முதல் மூன்று ஆண்டுகள், சிலரில் அதற்கு மேலும் ஆகும். அதுவரை இரத்தக்கசிவு ஆபத்து நீங்குவதில்லை. அறுவை மருத்துவத்தில் பிறழ்வு அகற்றப்பட்ட அன்றே ஆபத்து முடிகின்றது. கதிர் அறுவையில் நோயாளி காத்திருக்க வேண்டும். இரண்டு முறைகளுக்கும் இடையே உள்ள முதன்மையான வேறுபாடு இதுவே.

பெர்க்லி ஈலியம் கற்றையால் மருத்துவம் பெற்ற 86 நோயாளிகளின் முடிவுகள் 1990இல் வெளியாயின. இரத்தக் குழாய்ப் படங்களின்படி பிறழ்வு முழுமையாக அடைபட்டவர்கள் ஓராண்டில் 29 விழுக்காடு, ஈராண்டில் 70 விழுக்காடு, மூன்றாண்டில் 92 விழுக்காடு ஆவர். காத்திருந்த காலத்தில் 10 பேருக்கு எஞ்சிய பிறழ்விலிருந்து இரத்தம் கசிந்தது. கடுமையான நரம்பியல் பின்விளைவுகள் தொடக்கக் கட்டத்தில், கதிர் அளவு கூடுதலாக இருந்தபோது ஏற்பட்டவை. அளவைக் குறைத்தால் மூளை தப்புகின்றது. மிகவும் குறைத்தால் பிறழ்வு அடைபடுவதில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே அளவைத் தேடுவதே இத்துறை ஆய்வுகளின் பெரும்பகுதி எனலாம். சிறிய பிறழ்வுகளுக்கு ஒரே அமர்வில் 16 முதல் 25 கிரே வரை அளிப்பது வழக்கம். மூன்று சென்டிமீட்டருக்கு மேற்பட்டவற்றில் பயன் குறையும், பின்விளைவு கூடும்.

பிறழ்வின் பருமன், அது அமைந்துள்ள மூளைப் பகுதியின் முதன்மை, இரத்தம் வடியும் சிரையின் ஆழம் ஆகியவற்றைக் கொண்டு 1986இல் வகுக்கப்பட்ட ஸ்பெட்ஸ்லர்-மார்ட்டின் தரவரிசை, யாருக்கு அறுவை ஏற்றது என்பதை முடிவு செய்ய உதவுகின்றது. எளிதில் எட்டும் சிறு பிறழ்வுகளுக்கு நேரடி அறுவையும், ஆழத்தில் உள்ள சிறு பிறழ்வுகளுக்குக் கதிர் அறுவையும் பொதுவாகப் பொருந்தும்.

இன்னும் வெடிக்காத பிறழ்வுக்கு மருத்துவம் தேவைதானா என்ற வினாவை அரூபா என்னும் பன்னாட்டு ஆய்வு எழுப்பியது. 223 நோயாளிகளில் மருந்து மட்டும் பெற்றவர்களுள் 10.1 விழுக்காட்டினருக்கும், அறுவை, குழாயடைப்பு, கதிர் அறுவை ஆகியவற்றுள் ஏதேனும் பெற்றவர்களுள் 30.7 விழுக்காட்டினருக்கும் பக்கவாதமோ இறப்போ நேர்ந்தது. எனவே 2013இல் புதிய நோயாளிகளைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டு, 2014இல் முடிவுகள் வெளியிடப்பட்டன. கண்காணிப்புக் காலம் சராசரியாக 33 மாதங்களே என்பதும், மாறுபட்ட மருத்துவ முறைகள் ஒன்றாகக் கூட்டப்பட்டன என்பதும் இவ்வாய்வு மீதான முதன்மை விமர்சனங்கள். கதிர் அறுவை பயன் தரத் தொடங்கும் வேளையில் அதன் தீங்கை மட்டும் கணக்கிட்டதாக ஆகிவிடுகின்றது என்ற வாதம் புறக்கணிக்கத் தக்கதன்று. ஏற்கெனவே இரத்தம் கசிந்த பிறழ்வுகளுக்கு இம்முடிவு பொருந்தாது.

மூளைக் கட்டிகள்

செவி நரம்புக் கட்டி, மூளையுறைக் கட்டி, பிட்யூட்டரிக் கட்டி போன்ற எல்லை தெளிந்த கட்டிகளில் கதிர் அறுவை நன்கு பயன்படுகின்றது. இவற்றில் கட்டி மறைய வேண்டும் என்பதில்லை. வளர்ச்சி நின்றால் போதும். பிற உறுப்புகளிலிருந்து பரவிய சில கட்டிகளுக்கும் இது பொருந்தும். அத்தகைய 213 நோயாளிகளைக் கொண்டு 2016இல் வெளியான ஆய்வில், மூன்று மாதங்களில் நினைவாற்றல் முதலிய அறிவுத்திறன்கள் குன்றியோர், கதிர் அறுவை மட்டும் பெற்றவர்களில் 63.5 விழுக்காடு, முழு மூளைக்கும் கதிர் சேர்த்துப் பெற்றவர்களில் 91.7 விழுக்காடு.

கிளையோபிளாஸ்டோமா என்னும் கொடிய புற்றுக்கு இது கைகொடுக்கவில்லை. அதன் செல்கள் படத்தில் தெரியும் எல்லைக்கு வெளியே ஊடுருவி நிற்பதால், எல்லையைக் குறிவைக்கும் துல்லியத்தால் பயனில்லை. 203 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஆய்வில் கதிர் அறுவையைச் சேர்த்தும் வாழ்நாள் கூடவில்லை. ஆறு வாரங்களில் 30 தவணைகளாக 60 கிரே அளித்து, உடன் டெமோசோலோமைடு மருந்தும் தருவதே 2005 முதல் வழக்கிலுள்ள முறை.

தமிழ்நாட்டில்

இம்முறைக்கு வேண்டிய இரு கூறுகளும் தமிழ்நாட்டில் தனித்தனியே முன்னரே வளர்ந்திருந்தன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி 1949இலும், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தி 1950இலும் நரம்பியல் அறுவைத் துறைகளைத் தொடங்கினர். சட்டத்தின் துணையால் மூளையின் ஆழத்தை எட்டும் அறுவைகளை இராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம், டி. எஸ். கனகா ஆகியோர் 1960களில் சென்னையில் மிகுதியாகச் செய்தனர். 1954இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் உருவான அடையாறு புற்றுநோய் நிலையம் 1950களின் பிற்பகுதியிலேயே கோபால்ட் கதிர்க் கருவியைப் பெற்றிருந்தது.

இந்தியாவின் முதல் காமா கத்திகள் 1997இல் மும்பையிலும் தில்லி எய்ம்சிலும் நிறுவப்பட்டன. வேலூரிலும் சென்னையிலும் 1990களில் நேர்கோட்டு முடுக்கி வழியே கதிர் அறுவை செய்யப்பட்டது. குழந்தைகளின் தமனி-சிரைப் பிறழ்வுகளுக்குக் குறைந்த கதிர் அளவில் செய்த மருத்துவத்தின் முடிவுகளை வேலூர்க் குழு 2016இல் வெளியிட்டது. சென்னை அப்பல்லோ மருத்துவமனையில் 2009இல் சைபர்நைஃப் கருவியும், தரமணியில் 2019 சனவரியில் புரோத்தன் மருத்துவ மையமும் தொடங்கப்பட்டன.

வேலூரின் மற்றொரு பங்களிப்பு, யாருக்குக் கதிர் அளிக்கக் கூடாது என்பதைப் பற்றியது. இந்தியாவில் வலிப்புடன் வருவோரின் படங்களில் தெரியும் சிறு கட்டி பலவேளை புற்றன்று; நாடாப்புழுவின் இளநிலையால் உண்டான வீக்கமாகவோ காசநோய்க் கட்டியாகவோ இருக்கும். சட்டத்தின் துணையால் திசு எடுத்துப் பார்த்த வி. இராசசேகர் குழுவினர், இவற்றைப் பிரித்தறியும் அளவுகோல்களை 1993இல் வெளியிட்டனர். 20 மில்லிமீட்டருக்கு மேற்படாமை அவற்றுள் ஒன்று. புழு வீக்கம் பெரும்பாலும் தானே மறையும். அதற்குக் கதிர் தேவையில்லை.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை ஒன்றைக் குறிப்பிடுகின்றது. மருத்துவருடன் சல்லியக் கிரியை, அதாவது அறுவை, செய்பவரும் அங்கு இருந்தார். இன்று அப்பகுதிக்கு அண்மையில் உள்ள அரசுப் புற்றுநோய் நிலையம், 1969இல் தொடங்கப்பட்ட காரப்பேட்டை அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை ஆகும். தவணைக் கதிர் மருத்துவத்துக்கு ஆறு வாரங்கள் நாள்தோறும் வரவேண்டிய தறி நெசவாளர் அத்தனை நாள் கூலியையும் இழக்கின்றார். கதிர் அறுவை அதனை ஓரிரு நாட்களாகச் சுருக்குகின்றது. எனினும் அதன்பின் ஆறு மாதம் அல்லது ஓராண்டுக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. படமும், பிறழ்வு அடைபட்டதாகத் தோன்றியபின் உறுதிசெய்ய இரத்தக் குழாய்ப் படமும் எடுக்க நோயாளி மீண்டும் வர வேண்டும். தலைவலி நின்றுவிட்டது என்று வராமல் விடுபவரின் பிறழ்வு அடைபட்டதா என்பதை வேறு வழியில் அறிய இயலாது.