ஒரு உணவுத் தாளின் வரலாறு

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் யாருக்காவது பயன்படும்.

உடல் எடையைக் குறைக்கும் அறுவை சிகிச்சை பற்றி இப்போது நம் ஊர்ப் பக்கமும் பேச்சு அடிபடுகிறது. பேசுகிறவர்கள் இரண்டு கட்சி. "வாயைக் கட்டத் தெரியாதவர்கள் தேடும் குறுக்கு வழி" என்பது ஒரு கட்சி. "ஒரு ஆபரேஷன், அதோடு கவலை விட்டது" என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் கத்தியைப் பற்றித்தான் பேசுகின்றன. சாப்பாட்டுத் தட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அறுவை சிகிச்சை செய்துகொள்பவர் கையில் ஒரு உணவுத் தாளைக் கொடுத்து அனுப்புவார்கள். முதலில் தெளிந்த நீராகாரம், பிறகு பால், மோர், கஞ்சி போன்றவை, பிறகு மசித்த உணவு, பிறகு மென்மையான உணவு, சில வாரங்கள் கழித்துத்தான் வழக்கமான சாப்பாடு. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காதீர்கள். இனிப்பைத் தவிருங்கள். புரதத்தை முதலில் சாப்பிடுங்கள். மாத்திரையை ஆயுள் முழுக்க நிறுத்தாதீர்கள். பார்த்தால் பள்ளிக்கூட விதிமுறைப் பலகை மாதிரி இருக்கும். ஏன், எதற்கு என்று அதில் எழுதியிருக்காது.

31 ஆண்டு வரலாறு நடத்தியவன் நான். காரணம் இல்லாத விதியைக் கண்டால் எனக்குத் தூக்கம் வராது. தேடிப் படித்ததில் தெரிந்தது இதுதான்: அந்தத் தாளில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் யாரோ ஒரு நோயாளி விலை கொடுத்திருக்கிறார்.

முதல் வரி: சிறுகச் சிறுகச் சாப்பிடுங்கள்.

இரைப்பையில் கை வைத்தால் மனிதன் பிழைப்பானா என்பதே ஒரு காலத்தில் கேள்வியாக இருந்தது. 1881-ல் வியன்னாவில் தியோடர் பில்ரோத், புற்றுநோய் வந்த ஒரு பெண்ணின் இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார். 1897-ல் சூரிச் நகரில் கார்ல் ஷ்லாட்டர், 56 வயதுப் பெண் ஒருவருக்கு இரைப்பை முழுவதையுமே எடுத்துவிட்டார். அந்த அம்மா சிறிது சிறிதாக உண்டு ஓராண்டுக்கு மேல் உயிரோடு இருந்தார். இரைப்பை இல்லாமலும் ஒரு மனிதர் சாப்பிட்டு வாழலாம், ஆனால் பழையபடி சாப்பிட முடியாது என்று உலகம் கற்றுக்கொண்டது அப்போதுதான். அதற்கும் உடல் பருமனுக்கும் அன்று எந்தத் தொடர்பும் இல்லை.

இரண்டாவது வரி: இனிப்பு வேண்டாம், சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம்.

குடல்புண்ணுக்காக இரைப்பையில் அறுவை செய்துகொண்டவர்கள் சிலருக்குச் சாப்பிட்டவுடன் வியர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவார்கள். 1913-ல் லண்டன் மருத்துவர் ஆர்தர் ஹெர்ட்ஸ் இதை விவரித்து எழுதினார். 1922-ல் சார்லஸ் மிக்ஸ் என்பவர் இதற்கு டம்பிங் என்ற சொல்லைப் பயன்படுத்தினார். லாரியிலிருந்து ஜல்லியைக் கொட்டுவது போல உணவு சிறுகுடலில் மொத்தமாக விழுகிறது என்று பொருள். சர்க்கரைக் கரைசலாக விழுந்தால், அதை நீர்க்கச் செய்ய உடம்பு தன் நீரைக் குடலுக்குள் இழுத்துவிடும். தளர்ச்சியும் படபடப்பும் அதனால்தான். ஆக, கல்யாண வீட்டில் ஒரு டம்ளர் பாயசத்தை வேண்டாம் என்று தள்ளுபவர் பந்தா காட்டவில்லை.

இனி நேராகப் பருமன் சிகிச்சைக்கு வருவோம்.

1954-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கிரெமன், லின்னர், நெல்சன் என்ற மூவர் ஒரு முறையை வெளியிட்டார்கள். சிறுகுடலின் பெரும்பகுதியை உணவுப் பாதையிலிருந்து ஒதுக்கிவிடுவது. இரைப்பையைத் தொட வேண்டாம், உணவைக் குறைக்க வேண்டாம், சாப்பிட்டது உடம்பில் சேராமல் போய்விடும். கேட்க எவ்வளவு இனிமை! எடையும் நன்றாகக் குறைந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் பல்லாயிரம் பேருக்குச் செய்தார்கள். ஆனால் ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், சத்துக் குறைவு, சிலருக்குக் கல்லீரலே செயலிழப்பு என்று ஒவ்வொன்றாக வந்தன. பலருக்கு மறுபடி வயிற்றைத் திறந்து குடலைப் பழையபடி இணைக்க வேண்டியதாயிற்று. 1980-களில் அந்த முறையே கைவிடப்பட்டது. "இஷ்டம் போல் சாப்பிடலாம், உடம்பும் இளைக்கலாம்" என்ற ஆசை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். விளம்பரங்களில் இன்னும் முடியவில்லை.

அடுத்த திருப்பம் அயோவா பல்கலைக்கழகத்தில் நடந்தது. எட்வர்ட் மேசன் என்ற அறுவை மருத்துவர், குடல்புண்ணுக்காக இரைப்பையின் பெரும்பகுதியை இழந்த பெண்கள் எடை கூடாமலே இருப்பதைக் கவனித்தார். பக்கவிளைவு என்று பார்த்ததையே சிகிச்சையாக்கினால் என்ன என்று யோசித்தார். 1966-ல் சிகாஷி இட்டோவுடன் சேர்ந்து முதல் இரைப்பை பைபாஸைச் செய்தார். இரைப்பையின் மேல்பகுதியில் சிறு பை ஒன்றை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலோடு இணைப்பது. இன்று அந்தப் பை ஏறத்தாழ 30 மில்லி கொள்ளும். இரண்டு பெரிய கரண்டி அளவு. ஒரு முழு இட்லிகூட ஆரம்பத்தில் அதற்கு அதிகம். மேசன் 100 வயது வரை வாழ்ந்து 2020-ல் மறைந்தார். இன்று பரவலாகச் செய்யப்படும் ஸ்லீவ் என்பது வேறு முறை. இரைப்பையை நீளவாக்கில் வெட்டி ஏறக்குறைய முக்கால் பங்கை எடுத்துவிட்டு, மீதியை வாழைக்காய் போன்ற குழாயாக விடுவது.

மூன்றாவது வரி அறுவைக்கு முன்பே தொடங்குகிறது: இரண்டு வாரம் கடும் பத்தியம்.

1993-ல் கலிபோர்னியாவில் விட்குரோவ், கிளார்க் இருவரும் சிறு துளைகள் வழியாக லேப்ராஸ்கோப்பி முறையில் பைபாஸ் செய்துகாட்டினார்கள். அதன்பின் அறுவையின் வலியும் படுக்கை நாட்களும் வெகுவாகக் குறைந்தன. ஆனால் துளை வழியே பார்க்கும்போது இரைப்பையின் மேல் கவிந்து நிற்கும் கொழுத்த கல்லீரல் பாதையை மறைக்கிறது. அரிசி, சர்க்கரை, எண்ணெயைக் குறைத்து இரண்டு வாரம் இருந்தால் அது சுருங்கி வழி விடும். "கடைசியாக ஒருமுறை ஆசை தீரச் சாப்பிடு" என்று அந்த இரண்டு வாரத்தில் பிரியாணி வாங்கிக் கொடுக்கும் பாசக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். புகை பிடிப்பவர் அதையும் அப்போதே விட்டுவிட வேண்டும். புண் ஆறாது.

நான்காவது வரிதான் மிக முக்கியம்: சத்து மாத்திரைகளை ஆயுள் முழுக்க நிறுத்தாதீர்கள்.

இதற்கு இரண்டு கதை உண்டு. ஒன்றில் நம்மவர்களும் வருகிறார்கள்.

1890-களில் படேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், எய்க்மான் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய வெள்ளை அரிசிச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் துவண்டு விழுவதைப் பார்த்தார். தீட்டாத அரிசி போட்டதும் எழுந்து நடந்தன. மனிதர்களுக்கு வரும் பெரிபெரியும் அதே போன்றதுதான். 1907-ல் மலாயாவில் பணிபுரிந்த பிராடன் என்ற மருத்துவர் ஒரு நூலே எழுதினார். வெள்ளைப் பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி வாட்டியது, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களை அது பெரும்பாலும் தொடவில்லை என்று. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அந்தச் சத்துக்குப் பிற்பாடு வந்த பெயர் தையமின், வைட்டமின் பி1.

நூறு ஆண்டு கழித்து அதே பெரிபெரி அறுவை செய்துகொண்டவர்களிடம் திரும்பி வந்தது. நம் உடம்பில் தையமின் கையிருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான். அறுவைக்குப் பிறகு வாந்தி நிற்காமல் இருந்தால் அது தீர்ந்துபோகும். பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், நினைவு குழம்பும். "ஆபரேஷன் ஆனால் வாந்தி வரத்தான் செய்யும்" என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. வாந்தி தொடர்ந்தால் உடனே மருத்துவமனை. வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால் என்ன அறுவை நடந்தது என்று முதலில் சொல்ல வேண்டும். தையமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகும்.

இரண்டாவது கதை பாஸ்டனில். 1920-களின் கடைசியில் வில்லியம் காசில் என்ற மருத்துவர் கொடிய இரத்தசோகையை ஆராய்ந்தார். நோயாளிக்கு மாட்டிறைச்சி கொடுத்தார், பலனில்லை. ஆரோக்கியமான ஒருவர் சாப்பிட்ட இறைச்சியை ஒரு மணி நேரத்தில் வெளியே எடுத்து, குழாய் வழியாக நோயாளிக்குக் கொடுத்தார். இரத்தம் ஊறியது! இரைப்பை சுரக்கும் ஏதோ ஒன்று சேர்ந்தால்தான் அந்தச் சத்து உடம்பில் ஏறும் என்று நிரூபணமாயிற்று. 1948-ல் அந்தச் சத்து தனியே பிரித்தெடுக்கப்பட்டது. அதுதான் பி12.

பி12 கையிருப்பு வாரக் கணக்கில் அல்ல, ஆண்டுக் கணக்கில் தாங்கும். ஆபத்தே அங்கேதான்! மாத்திரையை நிறுத்தினால் அடுத்த மாதமே ஒன்றும் ஆகாது. என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒரு மாணவிக்கு அப்படித்தான் ஆயிற்று. பைபாஸ் செய்து சர்க்கரை கட்டுக்குள் வந்து, நன்றாகத்தான் இருந்தார். "நல்லாத்தானே சார் இருக்கேன், இன்னும் எதுக்கு மாத்திரை" என்று நிறுத்திவிட்டார். நான்காம் ஆண்டில் பாதம் மரத்துப்போனது. செருப்பு கழன்றுபோனால்கூடத் தெரியவில்லை. பி12 ஊசி போட்டுத் தேறி வருகிறார், முழுதாக இன்னும் இல்லை. இரும்புச் சத்து, கால்சியம், வைட்டமின் டி எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே நேரத்தில் விழுங்காமல் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்காதீர்கள். பைபாஸ் செய்தவருக்கு அது இணைப்பில் புண் உண்டாக்கும். மதுவும் இவர்களுக்கு வேகமாக ஏறும். அதற்கு அடிமையானவர்களும் உண்டு.

ஐந்தாவது வரி: புரதம் முதலில்.

இடமோ சிறிது. அதைச் சோற்றால் நிரப்பினால் தசை கரையும், முடி கொட்டும். நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் என்பார்கள். ஒரு முட்டையில் 6 கிராம்தான். முட்டை, மீன், தயிர், பன்னீர், பாசிப்பயறு, சுண்டல் முதலில். சோறு கடைசியில், இடம் இருந்தால். நம் இலையில் சோறுதான் நடுநாயகம், கூட்டும் பொரியலும் அதற்குத் துணை. இவர்களுக்கு அந்த வரிசை தலைகீழ்.

குறுக்கு வழிக் கட்சிக்கு இப்போது பதில் சொல்கிறேன். 1999-ல் ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். அது பெரும்பாலும் இரைப்பையில் சுரப்பது. பைபாஸ் செய்தவர்களிடம் அது மிகக் குறைந்திருந்ததை 2002-ல் ஒரு அமெரிக்க ஆய்வு காட்டியது. பசியின் ஒரு பங்கு மன உறுதியில் இல்லை, இரத்தத்தில் ஓடுகிறது. 1995-ல் வட கரோலினாவின் வால்டர் போரீஸ், பைபாஸுக்குப் பிறகு பெரும்பாலான நோயாளிகளின் சர்க்கரை நோய் அடங்கியதைத் தம் கட்டுரையில் வியந்து எழுதினார்.

மந்திரக்கோல் கட்சிக்கும் பதில் உண்டு. ஸ்வீடனில் 1987-ல் தொடங்கி, அறுவை செய்த 2,010 பேரையும் செய்யாத 2,037 பேரையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். அறுவை செய்தவர்களிடம் இறப்பு குறைவு. ஆனால் பைபாஸ் செய்தவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளில் சராசரியாக 32% எடை இழந்திருந்தார்கள், பத்தாம் ஆண்டில் அது 25% ஆனது. கொஞ்சம் திரும்பி வரத்தான் செய்யும். அப்போது துணை நிற்பது அந்த உணவுத் தாள்தான்.

ஆசியர்களுக்கு உடல் நிறை குறியீட்டெண் 27.5-ஐத் தாண்டினாலே அறுவையை யோசிக்கலாம் என்று 2022-ல் பன்னாட்டு அமைப்புகள் வழிகாட்டின. ஆகவே நம் தெருக்களில் இந்தத் தாள் இனி அதிகமாகப் புழங்கும். செய்துகொள்வதா வேண்டாமா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள், வரலாற்று வாத்தியாரிடம் கேட்காதீர்கள். என் கோரிக்கை அவர்களைச் சுற்றியிருக்கும் நம்மிடம்தான்.

அந்த மாணவி சொன்ன ஒரு வார்த்தை மனதை விட்டுப் போகவில்லை. "ஆபரேஷன்கூட வலிக்கலை சார், பந்தியில உக்கார்றதுதான் வலிக்குது. குருவி மாதிரி கொறிக்கிறியே, சமையல் பிடிக்கலையான்னு கேக்குறாங்க." விருந்தினரை வயிறு நிறைய உபசரிப்பது நம் பண்பாடு. ஆனால் இரண்டு கரண்டியில் நிறையும் வயிறும் நிறைந்த வயிறுதான். ஒருமுறை கேளுங்கள். "போதும்" என்றால் கரண்டியை அடுத்த இலைக்குக் கொண்டுபோங்கள்.