கோலப் புள்ளியும் கண்ணுக்குக் கீழே ஒரு ஓட்டையும் (கொஞ்சம் நீளமான இழை)

போன மாசம் தி.நகர்ல பைக்கில் இருந்து விழுந்த ஒருத்தரோட மகன் மொபைலை நீட்டினார். அப்பாவோட மண்டை ஓட்டு 3டி ஸ்கேன் படம். "சார், கண்ணுக்குக் கீழ எலும்புல ஓட்டை இருக்கு. ஆபரேஷனா?" ஓட்டை இருந்தது உண்மைதான். ஆனா ரெண்டு கண்ணுக்குக் கீழேயும், ஒரே மாதிரி.

இதைப் புரிஞ்சுக்க, மயிலாப்பூர் வடக்கு மாட வீதில ஜனவரியில நடக்கிற கோலப்போட்டிக்கு வாங்க. முதல்ல புள்ளி, அப்புறம் கோடு, கடைசியில கலர்ப் பொடி. கம்ப்யூட்டர் முப்பரிமாண உருவம் வரையறதும் இதே வரிசைதான். கலர் பூசாம கோட்டோட நிறுத்தினா அது வயர்ஃப்ரேம். கம்பிக்கூடு மாதிரி.

கம்பிக்கூட்டுல ஒரு தொல்லை. முன்பக்கக் கோடும் பின்பக்கக் கோடும் சேர்ந்தே தெரியும், எது முன்னாடின்னு குழம்பும். மறைய வேண்டிய கோட்டை மறைக்க வழி சொன்னவர் லாரன்ஸ் ராபர்ட்ஸ், 1963, எம்ஐடி.

அடுத்து வந்தவங்க மனுஷ உடம்பைப் பிடிச்சுக்கிட்டாங்க. 1971-ல் யூட்டா பல்கலைக்கழகத்துல ஹென்றி கூரோ தன் மனைவி முகத்திலேயே கோடு போட்டு அளந்தார் (அந்தம்மா பொறுமைக்கு ஒரு கும்பிடு). 1972-ல் அதே இடத்துல எட் கேட்மல், பின்னாளில் பிக்ஸாரைத் தொடங்கியவர்களில் ஒருவர், தன் இடது கையை பிளாஸ்டர் அச்சில் எடுத்து, அதுமேல மையால சுமார் 350 முக்கோணங்களும் பலகோணங்களும் வரைஞ்சு கம்ப்யூட்டருக்குள்ள ஏத்தினார்.

நம்ம ஊர் சும்மா இல்ல. 1974-ல் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூணு பேரும் கோலத்தை இலக்கண விதிகளா மாத்தி, கணினி வரைகலை ஆய்விதழ் ஒண்ணுல கட்டுரை வெளியிட்டாங்க. சிரோமணி தம்பதி தாம்பரம் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர்கள். கமலா பின்னாளில் அடையாறு பக்கம் ஐஐடில பேராசிரியர். அது தட்டைக் கோலம்தான், முப்பரிமாணம் இல்ல. ஆனா பாட்டி கைப்பழக்கமும் கம்ப்யூட்டருக்குச் சொல்லக்கூடிய விதின்னு காட்டினது சின்ன விஷயமா?

இப்போ ஸ்கேனுக்கு வருவோம். சிடி ஸ்கேன் எலும்பைப் படம் பிடிக்கிறதில்ல. உடம்பை மெல்லிய துண்டுகளா வெட்டி, ஒவ்வொரு குட்டிக் கட்டத்துக்கும் ஒரு எண் தருது. 1987-ல் ஜிஇ ஆய்வகத்தின் லாரன்சன், கிளைன் ரெண்டு பேரும் அந்த எண்களைக் கோலப் புள்ளியாக்கினாங்க. எட்டு எண்களை மூலையா வெச்சு ஒரு கனசதுரம். "இந்த எண்ணுக்கு மேல இருந்தா எலும்பு, கீழே இருந்தா இல்ல." எந்தெந்த மூலை எலும்புன்னு பார்த்தா 256 வகை வரும், ஒரே சாயல் உள்ளதைச் சேர்த்தா 15தான். ஒவ்வொண்ணுக்கும் எங்க முக்கோணம் போடணும்னு ஒரு பட்டியல். இப்படி லட்சக்கணக்கான முக்கோணம் சேர்ந்த கம்பிக்கூட்டுக்கு மேல வழவழப்பா கலர் பூசினா, நீங்க பார்க்கிற மண்டை ஓடு.

கண்குழியோட அடித்தளம் நம்ம உடம்பிலேயே ரொம்ப மெல்லிய எலும்புகள்ல ஒண்ணு. மேல கொழுப்பு, கீழ சைனஸ் காற்று. ஒரே கட்டத்துக்குள்ள மூணும் மாட்டினா சராசரி எண் இறங்கிடும். "எலும்பு இல்ல"ன்னு கம்ப்யூட்டர் முக்கோணம் போடாம விட்டுடும். அதுதான் அந்த ஓட்டை.

பையன்கிட்ட சிடி டிஸ்க்கைக் கேட்டு வாங்கி, மெல்லிய துண்டுப் படங்களைப் பார்த்தேன். ரெண்டு பக்கமும் எலும்பு முழுசா இருந்தது. பார்வை இரட்டையா தெரியல, கண்ணும் எல்லாப் பக்கமும் திரும்புது. வெறும் வீக்கம்தான்.

"அப்போ இந்தப் படம் பொய்யா சார்?"

பொய் இல்ல தம்பி. தாடை எத்தனை துண்டா உடைஞ்சிருக்கு, பிளேட்டை எங்க வைக்கலாம்னு பார்க்க சர்ஜனுக்கு இதைவிட நல்ல படம் கிடையாது. உங்க அப்பாவுக்கு அது தேவைப்படல, அவ்வளவுதான்.