வைடூரியத்துக்குள் ஒளிந்திருந்த உலோகம்



ஆவர்த்தன அட்டவணையின் இரண்டாம் கூட்டத்தை நம் பிள்ளைகள் பெரிலியம், மகனீசியம், கல்சியம் என்று பாட்டுப்போல ஒப்புவித்துவிடுவார்கள். கல்சியம் வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பில் இருக்கிறது, மகனீசியம் நமது கடல் நீரில் இருக்கிறது என்றால் உடனே பிடிபடும். பெரிலியம் எங்கே என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அது நமது நாட்டு மோதிரக் கல்லில் இருக்கிறது. அதன் பெயரும் நம் பக்கத்திலிருந்து போனதுதான்.

வைடூரியம் என்ற சொல்லின் பிராகிருத வடிவம், கல் வணிகத்தோடு மேற்கே போய் கிரேக்க மொழியில் 'பெரில்லோஸ்' ஆனது. அதிலிருந்தே 'பெரில்' என்ற கல்லின் பெயரும், பிறகு பெரிலியம் என்ற பெயரும் வந்தன. இன்று நாம் வைடூரியம் என்பது பூனைக்கண் கல்லை. பெரில் வேறு கனியம். மரகதம் அதன் பச்சை வகை. ஆனால் இரண்டிலுமே பெரிலியம் உண்டு.

இவ்வளவு காலம் விலைபேசி விற்ற கல்லுக்குள் ஒரு புதிய மூலகம் இருப்பது 1798 வரை யாருக்கும் தெரியாது. அந்த ஆண்டு பிரான்சின் வொக்கலின் பெரிலையும் மரகதத்தையும் பகுத்துப் பார்த்துக் கண்டுபிடித்தார். அதற்கு முன் ஆராய்ந்தவர்கள் அதை அலுமினியத்தின் ஒட்சைட்டு என்றே நினைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பெரிலியம் தன் கூட்டத்தைவிட, பக்கத்துக் கூட்டத்தில் மூலைவிட்டமாக இருக்கும் அலுமினியத்தையே அதிகம் ஒத்திருக்கிறது. அணு மிகச் சிறியது. ஒட்சைட்டு அமிலத்திலும் காரத்திலும் தாக்கமடையும். 1828ல்தான் வோலரும் பஸியும் தனித்தனியாக அந்த உலோகத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதன் அடர்த்தி 1.85, அலுமினியம் 2.70. அவ்வளவு இலேசாக இருந்தும் உருக 1287 பாகை வெப்பம் வேண்டும்; மகனீசியத்துக்கு 650 போதும். உப்புகள் இனித்ததால் 'இனிப்பு' என்ற பொருளில் குளுசினியம் என்றும் அழைத்தார்கள். ஆனால் அது நஞ்சு. தூசியைச் சுவாசித்தால் நுரையீரல் கெடும். மோதிரத்தில் இருக்கும் கல்லால் ஆபத்தில்லை. அதில் பெரிலியம் பளிங்குக்குள் இறுகிக் கிடக்கிறது.

இனி நமது நாட்டுக்கு வருவோம். 1945ல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் ரிச்சர்ட் டாஃபே என்பவர் ஒரு நகைக்கடையில் பழைய கற்களை வாங்கினார். ஸ்பினல் என்று நினைத்த ஒரு கல்லை உருப்பெருக்கியில் பார்த்தபோது அதிலிருந்த கீறல்கள் இரட்டையாகத் தெரிந்தன. ஸ்பினலில் அப்படித் தெரியக் கூடாது. இலண்டனுக்கு அனுப்பிச் சோதித்தபோது பெரிலியமும் மகனீசியமும் சேர்ந்த புதிய கனியம் என்று தெரிந்தது. 1951ல் டாஃபேயைற்று என்ற பெயரில் அது வெளியானது. அத்தகைய கற்கள் இலங்கையைச் சேர்ந்தவை என்பது பிறகு தெரியவந்தது. பட்டை தீட்டிய பிறகு, கடைப்பெட்டியில் கிடந்த நிலையில் அடையாளம் காணப்பட்ட கனியம் அது.

அடுத்த ஆண்டே இன்னொன்று. பழுப்பு நிறப் பெரிடொட் என்று விற்கப்பட்ட இலங்கைக் கல், மகனீசியமும் போரனும் கொண்ட வேறு கனியம் என்று இலண்டனில் கண்டார்கள். சிங்களைற்று என்று பெயர் வைத்தார்கள்.

தோண்டியவர் நம் நாட்டவர். பேருவளையில் நம் சமூகத்தவர் தலைமுறைகளாகக் கல் வியாபாரம் செய்கிறார்கள். கல்லின் விலை நமக்குத் தெரிந்திருந்தது. 'இது ஏன் வேறு மாதிரி இருக்கிறது?' என்று கேட்டவருக்கே பெயர் போனது.

அப்படிக் கேட்டவர் இங்கேயும் இருந்தார். 1953ல் எஹலியகொடைப் பகுதியில் கிடைத்த பச்சைக் கல்லை எப். எல். டி. ஏகநாயக்க என்ற இலங்கையர் வேறுபடுத்திக் கண்டார். கல்சியமும் தோரியமும் கொண்ட அந்தக் கதிர்வீச்சுக் கல்லுக்கு 1961ல் ஏகனைற்று என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

பெரிலியம், மகனீசியம், கல்சியம். பிள்ளைகள் ஒப்புவிக்கும் அதே வரிசைதான். பரீட்சைக்கு அது போதும். ஆனால் வகுப்பில் ஒரு பிள்ளை 'ஏன் சேர்?' என்று கேட்டால், பாடம் முடியவில்லையே என்று நாம் அதன் வாயை அடக்கிவிடக் கூடாது. வீட்டில் கேட்டால் நீங்களும் அடக்கிவிடாதீர்கள். அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறதென்று நமக்கு இன்னும் தெரியாது.