சங்கத்திற்கு முன்பே விதைத்தவர்கள்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962-1965) திடீரென்று வந்த மாற்றம் என்று பலர் நினைக்கின்றனர். அதற்கு முன்பே பிரான்சு நாட்டில் முப்பது ஆண்டுகள் நடந்த சிந்தனை உழைப்பு உண்டு.

1879இல் திருத்தந்தை 13ஆம் லியோ, புனித தோமா அக்குவினாவின் மெய்யியலை மீண்டும் கற்பிக்கப் பணித்தார். நல்ல முயற்சிதான். ஆனால் நாளடைவில் குருமடங்கள் பலவற்றில் தோமாவை விட, அவரைச் சுருக்கித் தந்த பாடநூல்களே படிக்கப்பட்டன. (மூலத்தை விட்டு உரையோடு நின்றுவிடும் பழக்கம் நமக்கும் புதிதல்ல!)

அப்பாடநூல்கள், மனித இயல்பு தன்னிலேயே நிறைவானது, அருள் அதன்மேல் கட்டப்பட்ட மாடி போன்றது எனக் காட்டின. இயேசு சபைக் குரு ஹென்றி தெ லூபாக் இதை மறுத்தார். இறைவனைக் காணும் ஏக்கத்தோடுதான் மனிதர் படைக்கப்பட்டனர், திருச்சபைத் தந்தையரும் தோமாவும் சொன்னது இதுவே என்று 1946இல் எழுதினார். இது வெறும் வகுப்பறை வாதம் அன்று. கடவுள் இல்லாமலே மனித வாழ்வு முழுமையானது என்றால், விசுவாசம் வேண்டுவோர் வைத்துக்கொள்ளும் அணிகலனாகிவிடும்.

எதிர்க்கேள்வியும் நியாயமானதே. ஏக்கம் இயல்பிலேயே இருந்தால், அருளைத் தருவது கடவுளின் கடமையாகிவிடாதா? திருத்தந்தை 12ஆம் பத்திநாதரின் 1950ஆம் ஆண்டுச் சுற்றுமடல், யார் பெயரையும் சொல்லாமல், இந்த ஆபத்தைச் சுட்டியது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே தெ லூபாக் கற்பிக்கும் பணியிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். அந்த மௌன ஆண்டுகளில், 1953இல், திருச்சபையின் மீது பேரன்பு ததும்பும் அவரது தியான நூல் வெளிவந்தது.

அதே 1953இல் தொமினிக்கன் துறவி ஈவ் கொங்கார், பொதுநிலையினர் பற்றிய இறையியல் நூலை வெளியிட்டார். அடுத்த ஆண்டே அவரும் கற்பிக்கும் பணியை இழந்து, எருசலேம், உரோமை, கேம்பிரிட்ஜ் என அனுப்பப்பட்டார். இரண்டாம் உலகப் போரில் ஐந்தாண்டுகள் செர்மனியில் கைதியாயிருந்தவர் அவர்.

1960இல் திருத்தந்தை 23ஆம் யோவான் இருவரையும் சங்கத் தயாரிப்புப் பணிக்கு அழைத்தார். 1964இல் சங்கம் வெளியிட்ட திருச்சபை பற்றிய கொள்கைத்திரட்டு, ஆயர்களைப் பற்றிப் பேசும் முன் இறைமக்கள் அனைவரையும் பற்றிப் பேசுகிறது. அந்த வரிசை கொங்கார் போன்றோரின் உழைப்பின் கனி. தெ லூபாக் 1983இலும் கொங்கார் 1994இலும் கர்தினால்களாயினர். கொங்காரால் அப்போது உரோமைக்குச் செல்ல முடியவில்லை. நோயுற்றிருந்த அவர், பாரிசில் முன்னாள் படைவீரர்களுக்கான இல்லத்திலேயே சிவப்புத் தொப்பியைப் பெற்றார்.