உயிரி மருத்துவப் பொறியியல்: நீட் தேர்வின்றி மருத்துவத் துறைக்குள் நுழையும் வழி – வாய்ப்புகளும் வரம்புகளும்

தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் உள்ள கருவிகள் கணக்கெடுக்கப்பட்டபோது, 29,115 மருத்துவ நிலையங்களில் 7,56,750 கருவிகள் இருப்பது தெரியவந்தது. அவற்றின் மதிப்பு சுமார் ரூ.4,564 கோடி. மாநிலங்களைப் பொறுத்து 13 முதல் 34 சதவீதம் வரையிலான கருவிகள் இயங்காமல் கிடந்தன. இதைச் சரிசெய்ய 2015-ஆம் ஆண்டு கருவிப் பராமரிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. மாவட்ட மருத்துவமனைகளில் கருவிகள் 95 சதவீத நேரமும், ஆரம்ப சுகாதார நிலையங்களில் 80 சதவீத நேரமும் இயங்க வேண்டும் என்பது அதன் இலக்கு.

இந்த இலக்கை எட்டுவதற்குத் தேவையான பயிற்சியை அளிக்கும் படிப்புகளில் முதன்மையானது உயிரி மருத்துவப் பொறியியல். மின்னணுவியல், இயந்திரவியல், கணினி அறிவியல் ஆகியவற்றுடன் உடற்கூறியலும் உடலியங்கியலும் இதில் கற்பிக்கப்படுகின்றன. செயற்கை சுவாசக் கருவி, டயாலிசிஸ் இயந்திரம், எம்ஆர்ஐ ஸ்கேனர், செயற்கை மூட்டு என இதன் பரப்பு விரிவானது.

பிளஸ் 2 வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்கள் இதில் சேரலாம். நீட் தேர்வு தேவையில்லை. ரூர்கேலா, ராய்ப்பூர் என்ஐடிகளில் ஜேஇஇ முதன்மைத் தேர்வு வழியாகவும், ஹைதராபாத் ஐஐடியில் ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வு வழியாகவும் இளநிலைப் படிப்பில் சேர முடியும். முதுநிலைப் படிப்புக்கான கேட் தேர்வில் இத்துறைக்கெனத் தனித்தாள் 2020-ஆம் ஆண்டுதான் அறிமுகமானது. அதுவரை இம்மாணவர்கள் பிற துறைகளின் தாளையே எழுத வேண்டியிருந்தது.

பொறியாளரும் மருத்துவரும் ஒரே இடத்தில் பணியாற்றினால் என்ன விளையும் என்பதற்குத் திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் தக்க சான்று. இறக்குமதியாகும் செயற்கை இதய வால்வின் விலை ஏழை நோயாளிகளுக்கு எட்டாத நிலையில், இதய அறுவைச் சிகிச்சை நிபுணர் எம்.எஸ்.வலியத்தான் தலைமையிலான குழு உள்நாட்டு வால்வை உருவாக்க முனைந்தது. முதல் மூன்று மாதிரிகள் கைவிடப்பட்டன. நான்காவது மாதிரி 1990 டிசம்பரில் முதன்முறையாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. உலோகத்தின் தேய்மானம், ரத்தம் உறையும் தன்மை, வட்டின் சாய்வு ஆகிய மூன்றையும் ஒருசேரக் கணக்கிட வேண்டிய பணி அது. இந்நிறுவனம், சென்னை ஐஐடி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆகிய மூன்றும் இணைந்து மருத்துவமனைப் பொறியியலில் எம்.டெக் பட்டப்படிப்பை நடத்துகின்றன. டெல்லி ஐஐடியும் எய்ம்ஸ் மருத்துவமனையும் 1971-ஆம் ஆண்டிலேயே இத்துறைக்கெனக் கூட்டு மையத்தை நிறுவின.

வேலைவாய்ப்பில் அண்மைக்கால மாற்றம் ஒழுங்குமுறைச் சட்டங்களால் ஏற்பட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் அனைத்து மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. அதிக ஆபத்துள்ள சி, டி பிரிவுக் கருவிகளுக்கு 2023 அக்டோபர் முதல் உரிமம் கட்டாயம். இதனால் சோதனை, தர உறுதி, உரிம ஆவணத் தயாரிப்பு ஆகிய பணிகளுக்குப் பொறியாளர்கள் தேவைப்படுகின்றனர். நாட்டின் மருத்துவக் கருவித் தேவையில் 70 முதல் 80 சதவீதம் இறக்குமதியையே சார்ந்துள்ளதால், விற்பனைக்குப் பிந்தைய பராமரிப்பிலும் பணியிடங்கள் உள்ளன. விசாகப்பட்டினத்தில் மருத்துவக் கருவி உற்பத்திக்கெனத் தனி வளாகமே இயங்குகிறது.

எனினும், மருத்துவப் படிப்புக்கு மாற்றாகக் கருதி இதில் சேர்வோர் ஏமாற்றமடைய நேரிடும். இப்பட்டம் சிகிச்சை அளிக்கும் உரிமையைத் தராது. பராமரிப்புப் பணியில் தொடக்க ஊதியம் பெரும்பாலும் குறைவு. அதே பணிக்கு மின்னணுவியல் பட்டதாரிகளும் போட்டியிடுகின்றனர். கருவி வடிவமைப்பிலும் ஆராய்ச்சியிலும் ஈடுபட விரும்புவோருக்கு முதுநிலைப் பட்டம் ஏறக்குறைய இன்றியமையாதது.

கல்லூரியைத் தேர்வு செய்வதில் கட்டடத்தையும் விளம்பரத்தையும்விட மருத்துவமனைத் தொடர்பே முக்கியம். அறுவை அரங்கிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் எத்தனை வாரப் பயிற்சி அளிக்கப்படுகிறது, ஆய்வகக் கருவிகளை மாணவர்களே பிரித்துப் பார்க்க அனுமதி உண்டா, முந்தைய ஆண்டு மாணவர்கள் எந்தப் பணியில் சேர்ந்தனர் என்பவற்றைச் சேர்க்கைக்கு முன்பே எழுத்துபூர்வமாகக் கேட்டறியலாம்.